உள்ளங்கை எரிந்தால் மருதாணி வைக்கலாமா?

கேள்வி: மார்பகப் புற்று எலும்புக்கும் பரவியதால் அம்மா கேப்சிடபின் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டாவது சுற்றில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிகின்றன. மருதாணி அரைத்து வைக்கட்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. இந்த எரிச்சல், கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையின் பக்கவிளைவு. மருதாணிச் சிவப்பு, தோலின் சிவப்பை மறைத்துவிடும். புண் முற்றுவது தெரியாது. கடைக் கோன் இன்னும் மோசம், அதில் கலக்கும் சாயம் வெடித்த தோலைப் புண்ணாக்கும்.

10 சதவீத யூரியா க்ரீமை நாளுக்கு 2, 3 முறை அழுத்தித் தேய்க்காமல் தடவுங்கள். வெடிப்பில் அது எரியும். அங்கே வாசலின் போதும். சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில்தான் தோல் முதலில் உரியும். அறுவடை நேரத்தில் களத்துச் சூட்டில் வெறுங்காலோடு நெல் துழாவ விடாதீர்கள். வெந்நீரில் பாத்திரம் துலக்குவதும் கூடாது.

கொப்புளம் வந்தாலோ, கால் ஊன்ற முடியாமல் வலித்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடங்குவார். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது.

ஒரே நாளில் வழக்கத்தைவிட 4 தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு, அல்லது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சத்து மாத்திரை ஏதாவது தருகிறீர்களா? ஃபோலிக் அமிலம் கேப்சிடபினின் பக்கவிளைவைக் கூட்டும். சத்து மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள்.