கொன்றால் செலவு

கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதறேன். ரெசிடென்ட் ஈவில்ங்கற திகில் வீடியோ கேம் வரிசையைப் பற்றி நீங்க எழுதினதைப் படிச்சேன். சில இடத்தில் ஒத்துப்போக முடியலீங்க.

முதல் பாகத்தில் கேமரா மூலையில் நட்டு வச்ச மாதிரி நிக்கறதைக் கலைன்னு சொல்றீங்க. அந்தக் காலத்து மிஷினால முடியல, அதனால அப்படிச் செஞ்சாங்க, அவ்வளவுதானுங்க. நாலாம் பாகம் வந்த பிறகுதான் இது விளையாடற மாதிரி ஆச்சு. என்னைக் கேட்டா அதுதான் உச்சம். இரண்டாம் பாகத்தின் 2019 மறு ஆக்கம் பார்க்க அருமையா இருக்குது, ஆனா நியாயமே இல்லீங்க. லியோன்ங்கற போலீஸ்காரனை எடுத்து ஸ்டாண்டர்டில், அதாவது நடுத்தரக் கடினத்தில் விளையாடறேன். எதிரில் வர ஜாம்பியை எல்லாம் சுட்டுப் போட்டுட்டுத்தான் அடுத்த ரூமுக்குப் போறேன். போலீஸ் ஸ்டேஷன் பாதி தாண்டறதுக்குள்ள தோட்டா காலி. அப்புறம் துரத்திக்கிட்டே வர ராட்சசன் மிஸ்டர் எக்ஸ் வந்துடறான். கொல்லவும் முடியாது, ஒளியவும் முடியாது. இதில் பயம் எங்கீங்க இருக்குது? எரிச்சல்தான் இருக்குது. போதாததுக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் கேம் திக்கித் திக்கி ஓடுது. கரண்ட் போனா விளையாடினது எல்லாம் போச்சு. இதை முடிக்க வழி இருக்குதுங்களா, இல்ல விட்டுட்டு வேற பாகத்துக்குப் போயிடட்டுங்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நாலாம் பாகம் சொல்லிக்கொடுத்த பழக்கத்தோடு இரண்டாம் பாகத்துக்குள் போயிருக்கிறீர்கள். தோட்டா தீர்வது அதனால்தான்.

முதலில் கேமரா. நீங்கள் சொல்வதில் பாதி சரி. 1996 மார்ச்சில் முதல் பாகம் வந்த பிளேஸ்டேஷனுக்கு மெயின் மெமரி 2 எம்பிதான். ஒரு மாளிகை முழுவதையும் முப்பரிமாணத்தில், அந்த நுணுக்கத்தோடு ஓட்ட அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் பின்னணியை முன்கூட்டியே வரைந்த படமாக வைத்து, ஆட்களை மட்டும் அதன்மேல் நடக்க விட்டார்கள். கதவு திறக்கும் காட்சிகூட அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைக்கத்தான். ஆனால் இயக்குநர் ஷின்ஜி மிகாமியும் அவருடைய குழுவும் அந்தக் குறையை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கேமரா நடைவழியின் ஒரு கோடியில் உயரத்தில் நிற்கிறது. நாம் ஆட்டுவிக்கும் நாயகி ஜில் நம் பக்கம் முகம் காட்டி நடந்து வருகிறாள். அவளுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. முனகல் மட்டும் கேட்கிறது. இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால்தான் கேமரா மாறும். அந்த இரண்டு அடிக்குத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது. தோளுக்குப் பின்னால் வரும் கேமராவில் இந்த இரண்டு அடி கிடையாது.

இது வெறும் இயலாமை என்றால், 2002இல் கேம்கியூபுக்கு மறு ஆக்கம் செய்தபோது அதே மிகாமி அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். வைத்துக்கொண்டார், இன்னும் கூர்மையாக்கினார். 1996இல் ஒரு நடைவழியில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். அதை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கென்றே மறு ஆக்கத்தில் முதல் தடவை கண்ணாடி விரிசல் மட்டும் விடுகிறது. நாய் வருவதில்லை. ‘சரி, எடுத்துவிட்டார்கள்’ என்று நிம்மதியாகப் பிறகு அந்த வழியே திரும்பும்போதுதான் பாய்கிறது.

இனி முக்கியமான விஷயம். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் தாழ்வாரத்தை மிதித்துத்தான் ஆக வேண்டும். முதல் பாகத்து ஸ்பென்சர் மாளிகையும் இரண்டாம் பாகத்துக் காவல் நிலையமும் அதே கணக்கில் கட்டப்பட்டவை. நடுவில் பெரிய கூடம், இரண்டு சிறகுகள், போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போக வைக்கும் சாவிகள். இந்த அமைப்பில் எதிரியைக் கொன்றால் உங்களுக்கு ஒரு தோட்டாகூடத் திரும்பக் கிடைக்காது. செலவு மட்டும்தான். அந்தச் செலவுக்கு ஈடாக நீங்கள் வாங்குவது ஒரு பாதையை. எத்தனை தடவை நடக்கப்போகிற பாதை என்று பார்க்காமல் வாங்கினால் நஷ்டம்.

2005இல் வந்த நாலாம் பாகம் இந்தக் கணக்கையே தலைகீழாக்கியது. விழுகிறவன் தோட்டாவும் காசும் போட்டுவிட்டு விழுகிறான். சாவிகள் பெட்டியில் இடம் பிடிப்பதில்லை. முழங்காலில் ஒன்று சுட்டுத் தடுமாற வைத்து, ஓடிப்போய் உதைத்தால் சுற்றி நிற்கும் நாலு பேரும் சேர்ந்து விழுவார்கள். நீங்கள் திணறுகிறீர்களா, விளாசுகிறீர்களா என்று பார்த்து கேமே உள்ளுக்குள் கடினத்தைக் கூட்டிக் குறைக்கவும் செய்கிறது. அங்கே கொன்றால் வரவு. அது அற்புதமான கேம், மறுக்கவே மாட்டேன். ஆனால் உச்சம் என்று நீங்கள் சொல்வது வேறொரு மலையின் உச்சம்.

இப்போது உங்கள் காவல் நிலையத்துக்கு வருவோம். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று தடவைக்கு மேல் நடக்கப்போகிற வழியில் நிற்பவனை மட்டும் தீர்த்துக்கட்டுங்கள். மெயின் ஹாலிலிருந்து மேற்குப் பக்கம் போய், டார்க்ரூமையும் (ஃபோட்டோ கழுவும் அறை, ஆட்டத்தைச் சேமிக்கும் டைப்ரைட்டரும் அங்கே உண்டு) அதன் அருகிலுள்ள படிக்கட்டையும் தொடும் கீழ்த்தள வழி அப்படிப்பட்டது. அதைச் சுத்தம் செய்யத் தோட்டா செலவழிக்கலாம். ஒரே ஒரு பொருளுக்காக ஒரே ஒரு தடவை நுழையும் அறையில் எவன் நின்றாலும் அவனைச் சுற்றி வந்துவிடுங்கள். மேஜைக்கு ஒரு பக்கமாக அவனை இழுத்துக்கொண்டு போய், மறுபக்கம் ஓடினால் போதும். இடம் குறுகல் என்றால் காலில் ஒன்றிரண்டு. தடுமாறுகிற நேரத்தில் தாண்டிவிடலாம்.

தலையில் சுடுவதுதான் சிக்கனம் என்று நினைப்பவர்கள் இந்த மறு ஆக்கத்தில் ஏமாறுவார்கள். ஒருவன் மூன்றில் விழுவான், இன்னொருவன் ஏழு வாங்கியும் எழுந்து வருவான். தலையைச் சிதறடிக்கும் குண்டு எது என்பது பாதி அதிர்ஷ்டம். உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: நடந்துகொண்டே சுடாதீர்கள். நின்று, குறிவட்டம் முழுவதும் சுருங்கும்வரை பொறுத்துச் சுட்டால் அடி பலமாக விழும். கொல்லத் தேவையில்லை, முடக்கினால் போதும் என்றால் ஒரே காலில் தொடர்ந்து சுடுங்கள். கால் போனவன் தவழ்வான். தவழ்கிறவனைத் தாண்டுவது எளிது, கத்தியாலும் முடிக்கலாம். தரையில் கிடப்பவன் செத்துவிட்டானா என்று சந்தேகமா? கத்தியால் ஒரு கீறல். உடம்பு துடித்தால் இன்னும் உயிர் இருக்கிறது. கத்தி தேயும் பொருள், ஆகவே ஒரு கத்தியைப் பிடியிலிருந்து தப்பிக்கவென்றே வைத்திருங்கள். அப்படிக் குத்தும்போது அது அவன் உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும். அவனை வீழ்த்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

மரப்பலகை கிடைத்தால் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கீழ்த்தள நடைவழி ஜன்னல்களில் அடித்துவிடுங்கள், முக்கியமாக அந்த மேற்கு வழியில். அடிக்காத ஜன்னல் வழியாகப் புது ஜாம்பி உள்ளே வருவான். நீங்கள் பத்துத் தோட்டா போட்டு வாங்கிய பாதை மறுபடி கடனாகும். எல்லா ஜன்னலுக்கும் பலகை பத்தாது. மூன்று தடவை விதியே இங்கும்.

பையைப் பற்றி ஒன்று. வெடிமருந்து ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓர் இடம் பிடிக்கும். சாதாரண வெடிமருந்து இரண்டு சேர்ந்தால் உடனே கலந்து ஹேண்ட்கன் தோட்டாவாக்குங்கள், ஓர் இடம் மிச்சம். உயர்தர மஞ்சள் வெடிமருந்து வந்தால் சாதாரண மருந்தோடு சேர்த்து ஷாட்கன் குண்டு செய்யலாம். மேற்கு அலுவலகத்துப் பாதுகாப்புப் பெட்டியை இடம் 9, வலம் 15, இடம் 7 என்று திருப்பினால் இடுப்புப் பை கிடைக்கும், இரண்டு இடம் கூடும். முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் அறையில் இன்னும் பொருள் இருக்கிறது. நீலமாகிவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம். சாவியின்மேல் சிவப்பு டிக் விழுந்தால் அதன் வேலை முடிந்தது, போட்டுவிடலாம்.

இனி மிஸ்டர் எக்ஸ். லியோனின் முதல் ஆட்டத்தில் அவன் சும்மா வருவதில்லை. நிலத்தடித் தளம் போய்த் திரும்பி, வால்வ் கைப்பிடியால் மாடித் தண்ணீரைத் திறந்து, மோதி விழுந்து கிடக்கும் ஹெலிகாப்டரின் தீயை அணைத்த பிறகுதான் வருகிறான். அந்த வால்வைத் திருப்புவதற்கு முன்னால் பலகை அடிக்கும் வேலை, மேற்குப் பக்கத்தில் பாக்கி இருக்கும் சிவப்பு அறைகள், எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். தீயை அணைக்கும் நேரத்தை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இதைவிட நியாயம் என்ன வேண்டும்?

ஒளிய முடியாது என்கிறீர்கள். டைப்ரைட்டர் இருக்கும் சேவ் ரூமுக்குள் அவன் நுழைவதில்லை, மெயின் ஹால் மட்டும் விதிவிலக்கு. டார்க்ரூமில் நின்று அவன் காலடி தேய்ந்து போகும்வரை காத்திருக்கலாம். ஹெட்போன் இல்லாமல் இந்தப் பகுதியை விளையாடாதீர்கள். மேலே நடக்கிறானா, பக்கத்து அறையிலா என்று காதுக்குத் தெளிவாகத் தெரியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அந்தத் திசைக்கு வருவான். அதனால்தான், வழியை முன்பே சுத்தம் செய்யாதவர்கள் இந்த இடத்தில் நொந்துபோகிறார்கள். அவனையே சுட்டால் கொஞ்ச நேரம் மண்டியிடுவான், அவ்வளவுதான். அத்தனை தோட்டாவுக்கு அது கட்டுபடியாகாது.

இந்தப் பாகத்தின் உண்மையான பயம் ஒரு நடைவழியில் இருக்கிறது. எதிரே லிக்கர் என்ற நீள நாக்கு மிருகம், கூரையில் தொங்குகிறது. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும். மெதுவாக நடந்தால் தலைக்குக் கீழேயே போய்விடலாம். பின்னால் மிஸ்டர் எக்ஸ் வருகிறான். மெதுவாக நடந்தால் அவன் பிடித்துவிடுவான், ஓடினால் லிக்கர் பாயும். இரண்டு விதியும் உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஒன்று மற்றொன்றை முறிக்கிறது. கையில் ஃபிளாஷ் கிரனேட் இருந்தால் இங்கே போடுங்கள். இல்லையென்றால் அந்த வழியில் நுழையும் முன்பே, காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். எரிச்சல் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த நடைவழியை ஒரு முறை தாண்டிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேம் திக்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை மாற்றும்போது கிராபிக்ஸ் மெமரி எவ்வளவு போகிறது என்று ஒரு பட்டை காட்டும். அது சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி கார்டுக்கு டெக்ஸ்சரை 1 ஜிபி அளவில் வைத்து, நிழலையும் வால்யூமெட்ரிக் வெளிச்சத்தையும் ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது, 2022 ஜூனில் ரே டிரேசிங்கோடு வந்த அப்டேட் கேமை டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றியது. பழைய கார்டுகள் அதில் தடுமாறுகின்றன. ஸ்டீமில் கேமின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போனால் டிஎக்ஸ்11 என்று தொடங்கும் பதிப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

கரண்ட் விஷயத்தில், ஸ்டாண்டர்டில் ஆட்டோசேவ் உண்டு. ஆனாலும் ஒரே இடத்தின்மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்த ஃபைல் மட்டும் கெடும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்ஸ்தான் தாங்கும். சிபியு, மானிட்டர் இரண்டை மட்டும் அதில் மாட்டுங்கள். அது தரும் சில நிமிடம் டைப்ரைட்டருக்கு ஓடத்தான், விளையாட்டைத் தொடர இல்லை. ஹார்ட்கோர் என்ற கடின நிலையில் ஆட்டோசேவும் கிடையாது, இங்க் ரிப்பன் இல்லாமல் சேமிக்கவும் முடியாது. அதை அடுத்த சுற்றுக்கு வையுங்கள்.

மற்ற பாகங்கள்: ஐந்தும் ஆறும் நாலாம் பாகத்தின் வழியிலேயே போய்ப் பயத்தை முழுக்க விட்டுவிட்டன. 2020இல் வந்த மூன்றாம் பாகத்து மறு ஆக்கம் மணிக்கூண்டுப் பகுதியையே வெட்டி எறிந்தது, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2017இல் வந்த ஏழு, வீட்டுக்குத் திரும்பியது. எட்டில் பெனவியெண்டோ வீடு மட்டும் போதும். உங்கள் ஆயுதம் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள்.

இரண்டை முடித்ததும் முதல் பாகத்தின் எச்டி பதிப்பை எடுங்கள். ஜில்லோடு தொடங்குங்கள், அவள் பையில் எட்டு இடம், இன்னொரு நாயகன் கிறிஸுக்கு ஆறு. கேமரா மாறும்போது திசை குழம்பினால் ஸ்டிக்கை விடாமல் அழுத்தியே இருங்கள், போன திசையிலேயே போவாள். அங்கே கொன்ற உடலை அப்படியே விட்டால் கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்த தலையும் நகங்களுமாக எழுந்து ஓடி வரும். தலை சிதறினால் எழாது, இல்லையென்றால் எரிக்க வேண்டும். ஷாட்கன் இருந்தால் அவனைக் கைக்கெட்டும் தூரம்வரை வரவிட்டு, மேல்நோக்கிக் குறிவைத்துச் சுடுங்கள், தலை போய்விடும். எரிப்பதற்கு மண்ணெண்ணெய்க் குப்பி ஓர் இடம், லைட்டர் ஓர் இடம். ஒரு தடவை நிரப்பினால் இரண்டு உடல்தான் எரிக்கலாம். நிரப்புகிற எண்ணெயும் அளவோடுதான் வைத்திருக்கிறார்கள். யாரை எரிப்பது என்று கேட்டு எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்று தடவைக்கு மேல் நடக்கிற வழியில் கிடப்பவனை.