கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு கை தூக்க முடியவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்ததால் பின்கழுத்து வழியாக ஆபரேஷன் செய்தார்கள். விரல்களில் மரமரப்பு குறைந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் காலை வலது கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு வாரமாகியும் அப்படியேதான் இருக்கிறது. நரம்பை வெட்டிவிட்டார்களா?

பதில்: வெட்டுப்பட்டிருந்தால் மயக்கம் தெளிந்தபோதே கை விழுந்திருக்கும். இரண்டு நாள் தூக்கிய கை மூன்றாம் நாள் நின்றுபோனது என்கிறீர்களே, அதுதான் எனக்குத் துப்பு. அம்மாவிடம் ஒரு சீப்பைக் கொடுத்துப் பாருங்கள். விரல்கள் இறுகப் பிடிக்கின்றன, தலை வரைக்கும்தான் போகவில்லை என்றால், இது பெரும்பாலும் ‘சி5’ என்ற கழுத்து நரம்பின் பலவீனம். இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சராசரியாக 100க்கு 5 பேருக்கு வருகிறது.

அழுத்தம் நீங்கியதும் தண்டுவடம் பின்பக்கமாக நகர்கிறது. அப்போது, நீளம் குறைந்த சி5 நரம்பின் வேர் இழுபடுகிறது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். தோள்பட்டைத் தசை அந்த ஒரு நரம்பையே பெரிதும் நம்பியிருப்பதால் அடி முதலில் அங்கே விழுகிறது.

பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பலம் திரும்புகிறது. சிலருக்கு ஒன்று, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை தோள் இறுகிப்போகாமல் காப்பதுதான் உங்கள் வேலை. அம்மாவைப் படுக்கவைத்து, முழங்கையைத் தாங்கி, வலிக்காத அளவுக்குக் கையை நீங்களே மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். எவ்வளவு உயரம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். நடக்கும்போது கை தொங்காமல், கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் ஸ்லிங் போடுங்கள், ஆனால் நாள் முழுக்க வேண்டாம்.

சரி, எப்போது பொறுத்திருக்கக் கூடாது? கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, விரல்களின் பிடியும் தளர்ந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தலாம். அபூர்வம்தான், ஆனால் அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள்.

கை விழுந்த பிறகு எம்ஆர்ஐ எடுக்கவில்லை என்றால் சர்ஜனிடம் கேளுங்கள். அப்புறம், ஆறு மாதமாகியும் தோள் தசையில் சிறு துடிப்புகூட வரவில்லை என்றால், நரம்பு மாற்று ஆபரேஷன் (நன்றாக வேலை செய்யும் வேறொரு நரம்பின் கிளையைத் தோள் தசையின் நரம்போடு இணைப்பது) பற்றி அவரிடம் பேசுங்கள். அதற்கு வருடக்கணக்கில் காத்திருந்தால் தசை மெலிந்துவிடும்.