புலி மேசைக்கு அடியில் இல்லை: கேள்வி பதில்

இந்த மாதமும் கேள்விகள் குவிந்துவிட்டன. அரும்பொருளகத்தில் தன்னார்வ வழிகாட்டியாக நின்று பேசிப் பேசிப் பழகிய வாய் எனக்கு. பிடித்த கேள்வி என்றால் நீட்டுவேன், பிடிக்காததற்கு ஒரு வரிதான். முதலிலேயே ஒன்று: "வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?" என்று எனக்கு அனுப்பும் முன், அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு அனுப்பியவரிடம் கேளுங்கள். பாதி அங்கேயே அடங்கிவிடும்.

உட்லண்ட்ஸ் வாசகி: மகளை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்தில் ஏற்றும்போது வானம் இன்னும் இருட்டாகவே இருக்கிறது. சென்னையில் அந்நேரம் விடிந்திருக்கும். இங்கே மட்டும் ஏன் அண்ணே?

சூரியன்மேல் பழி போடாதீர்கள், கடிகாரம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறது. சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்று வகுத்தால், கிரீன்விச்சைவிட முழுதாக 7 மணி நேரம்கூட வராது. நாம் வைத்திருப்பதோ 8. அதனால்தான் உச்சி வெயில் பகல் ஒரு மணியை ஒட்டி வருகிறது.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 1905இல் 7 மணி நேரம் என்று வைத்தார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் அது ஏழரை ஆனது. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது 9. 1945இல் மறுபடி ஏழரை. அப்புறம் மலேசியா, தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவு செய்ய, நாமும் சேர்ந்து மாறினோம்.

1981 டிசம்பர் 31 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா நாற்காலி போட்டு ஏறி, பதினொன்றரை காட்டிய சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை விரலால் மேலே தள்ளினார். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பிள்ளைகள் கைதட்டினோம். அந்த வருடத்துக்கு அரை மணி நேரம் குறைவு!

பொங்கோல் வாசகர்: சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியுமாமே?

தெரியாது. 2003இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெயே பூமியைச் சுற்றும்போது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலவு இன்னும் எத்தனையோ மடங்கு தூரம்.

அங் மோ கியோ வாசகர்: ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் சிங்கப்பூரின் கடைசிப் புலியைச் சுட்டார்களாமே?

பாதி சரி. ஆண்டு 1902. புலி இருந்தது மேசைக்கு அடியில் இல்லை, பில்லியர்ட்ஸ் கூடத்தின் தரைக்கு அடியில். அந்தக் கட்டடம் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியது, அடியில் புகுந்துகொண்டது. சுட்டவர் ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர். அது காட்டுப் புலியும் இல்லை, பக்கத்தில் நடந்த வேடிக்கைக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. காட்டுப் புலிகளில் கடைசியானதைச் சுட்டது 1930இல், சுவா சூ காங்கில். ஆனால் அங்கே பில்லியர்ட்ஸ் இல்லையே, அதனால் யாரும் அதைச் சொல்வதில்லை.

தோபாயோ வாசகர்: திருநள்ளாறு மேலே போகும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன என்று நாசாவே...

இல்லை. இந்த மாதம் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தால்தான் மேலேயே இருக்கிறது. நின்றால் விழும். சாமி கும்பிடப் போங்கள், நாசாவை விட்டுவிடுங்கள்.

ஜூரோங் வாசகர்: நியூசிலாந்தில் தமிழ் எழுதிய மணி கிடைத்ததாமே? அப்படியென்றால் கேப்டன் குக்குக்கு முன்பே தமிழர் அங்கே போய்விட்டார்கள்தானே?

இதுதான் கேள்வி! பொருள் எங்கே? வெலிங்டனில், தே பாப்பா அரும்பொருளகத்தில். உடைந்த வெண்கல மணி, மேல்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் கவிழ்த்துப் பிடித்து அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்களாம்.

விளிம்பைச் சுற்றி எழுத்து: "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி." புள்ளிகள் இல்லாமல், "கபல" என்று வெட்டியிருக்கும். சில எழுத்துகளின் வடிவம் இப்போது வழக்கில் இல்லை. கப்பல்கார முஸ்லிம் தமிழர் ஒருவரின் மணி என்பது வரை சந்தேகமில்லை.

ஆனால் மணி போனது வேறு, மணிக்காரர் போனது வேறு. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் ஒதுங்கியிருக்கலாம். மணி கைமாறி, வேறு யாரோ கொண்டுபோயிருக்கலாம். உருளைக்கிழங்கே அந்த நாட்டுக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த பயிர்தான். ஆகவே சமையல் காட்சியை வைத்துப் பழமையை நிரூபிக்க முடியாது.

மறுபடி ஜூரோங் வாசகர்: நம் பெருமையை நாமே குறைத்துப் பேசலாமா ஐயா? தமிழ் எழுத்து இருந்தால் தமிழன் இருந்திருப்பான்.

தம்பி, உங்கள் வீட்டில் நீல நிற டென்மார்க் பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே ஊசி, நூல், பொத்தான். அதை வைத்து டென்மார்க்காரர்கள் ஜூரோங்கில் தையல்கடை வைத்திருந்தார்கள் என்று எழுதுவீர்களா?

சிராங்கூன் வாசகி: ஐயா பிஸ்கட் டப்பாவில் மடக்கிவிட்டார். ஆனால் டப்பாவை டென்மார்க் கப்பலில் யாரோ ஏற்றி அனுப்பினார்கள்தானே? ஜூரோங் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்க் கப்பல்காரர்கள் கிழக்கே வெகுதூரம் போனார்கள். அதற்கு மணியைவிட வலுவான சாட்சி கல்லிலேயே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ, 1409 தேதியிட்ட ஒரு கல்வெட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகள். சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு. இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1911இல் காலி நகரில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தபோது அது ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்தது! இப்போது கொழும்பு தேசிய அரும்பொருளகத்தில்.

மூன்றாம் முறையாக ஜூரோங் வாசகர்: சரி, நம் சிங்கப்பூர்க் கல்? அது சோழர் கல்தானே?

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற, எழுத்து பொறித்த பாறையை 1843இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய துண்டு ஒன்று நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் "பரகேசரிவர்மன்" என்ற சோழப் பட்டப்பெயரின் ஒரு துணுக்கு தெரிகிறது என்று ஓர் ஆய்வாளர் 2019இல் சொன்னார். சுவையான யோசனை. ஆனால் எழுத்தை இன்னும் யாரும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களே பாருங்கள், எழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று.

தெம்பனிஸ் வாசகர்: சர்க்கரை நோய்க்கு வெறும் வயிற்றில்...

பலதுறை மருந்தகம். என்னிடம் வேண்டாம்.

தொடக்கநிலை 4 மாணவன்: சதுரமாகக் கக்கா போகும் விலங்கு உண்டா?

உண்டு, கண்ணா. ஆஸ்திரேலியாவில் வாழும் வம்பாட். குடலின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விரியாது, சில இடம் விறைப்பு, சில இடம் இளக்கம். அந்த இழுப்பில் மூலைகள் விழுந்துவிடுகின்றன. பாட்டி சாப்பிடும்போது மட்டும் இதைச் சொல்லாதே.

புக்கிட் பாத்தோக் வாசகர்: இந்தியாவின் "ஜன கண மன"தான் உலகிலேயே சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ...

அறிவிக்கவில்லை.

ஈசூன் வாசகர்: என் மலாய் நண்பனும் கப்பலை "கப்பால்" என்றுதான் சொல்கிறான் அண்ணே. அவர்கள் சொல்லா, நம் சொல்லா?

நம்மிடமிருந்து போனது. கட்டில் "காத்தில்" ஆனது, பெட்டி "பெத்தி" ஆனது, கடை "கெடாய்" ஆனது. காப்பிக் கடைப் பலகைகளிலேயே பார்க்கலாம். ஜூரோங் தம்பி, பேனாவை எடுக்க வேண்டாம். இது மலாக்கா நீரிணையோடு நிற்கட்டும், நியூசிலாந்துவரை இழுக்காதீர்கள்.