பட்டம் கொடுத்தவர் யார்?

கேள்வி: கலைஞர், புரட்சித் தலைவர், பெருந்தலைவர் என்றெல்லாம் உங்கள் இதழிலும் எழுதுகிறீர்களே, இது தனிமனிதத் துதி அல்லவா? பட்டப்பெயர்களைச் சட்டம் போட்டு ஒழித்தால் என்ன?
– 'உண்மைத் தமிழன்', திருச்சி

பதில்: நீங்கள் கேட்கும் சட்டம் 1950 முதலே இருக்கிறது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு எவருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு. ஆங்கிலேய அரசு பட்டம் சூட்டிய ராவ் பகதூர்களும் திவான் பகதூர்களும் அதோடு வழக்கொழிந்தனர். பாரத ரத்னா, பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், இவையெல்லாம் அரசுக்கும் விருது பெற்றவருக்கும் இட்ட கட்டளைகளே தவிர, மக்களின் வாய்க்குப் போட்ட பூட்டு அல்ல. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கூசும் வழக்கம் நம்முடையது. சாதிப் பெயரைப் பின்னாலிருந்து வெட்டியெறிந்த பிறகு, மரியாதை பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு.

ஆகவே, பட்டம் இருக்கலாமா என்பதைவிட, அதைக் கொடுத்தவர் யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டுமென்று 1938 நவம்பரில் தீர்மானம் போட்டது, சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. அந்தப் பெண்களுக்குக் கைம்மாறாகக் கொடுக்க அவர் கையில் அரசும் இல்லை, பதவியும் இல்லை. அதே பெரியார், நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த கணேசனைச் 'சிவாஜி' என்று அழைத்தார், வி.சி. என்ற முன்னெழுத்துகளே மறந்துபோகுமளவுக்கு அது நிலைத்துவிட்டது. கருணாநிதியைக் 'கலைஞர்' என்ற எம்.ஆர். ராதா, முகத்துதிக்குப் பெயர் போனவர் அல்லர். எம்.ஜி.ஆரைப் 'புரட்சி நடிகர்' ஆக்கியவர் கருணாநிதி. 1972இல் இருவரும் பிரிந்தபோது 'நடிகர்' போய்த் 'தலைவர்' வந்ததே ஒழிய, 'புரட்சி'யைக் கொடுத்தவராலேயே திரும்பப் பெற முடியவில்லை.

எதிரி சூட்டும் பெயரும் சில வேளைகளில் கிரீடமாகிவிடும். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சரை 1976இல் 'இரும்புப் பெண்மணி' என்று சீண்டியது சோவியத் ராணுவ நாளிதழ். அவரோ அதையே விரும்பி எடுத்து அணிந்துகொண்டார். இந்திரா காந்தியை 'ஊமைப் பொம்மை' என்று எள்ளினார் சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா. 1971இல் பாகிஸ்தானைப் போரில் வென்ற பிறகு அந்தப் பெயரைச் சொல்லுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் கோபம் பாய வேண்டிய இடம் வேறு. அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் விழா அழைப்பிதழ் வந்தது. முதல் இரண்டு வரிகளை நான்கு பட்டங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மனிதரின் பெயர் மூன்றாவது வரியில், சற்றே சிறிய எழுத்தில். 'இங்ஙனம்' என்று அடியில் கையொப்பமிட்டிருந்தவரும் அவரேதான். இத்தகைய பட்டங்களை இந்த இதழில் நாங்கள் அச்சிடுவதில்லை. எதிர்க்கட்சிக்காரரும் நாக்குத் தடுமாறாமல் சொல்லுகிற பட்டமாயிருந்தால் மட்டுமே அச்சேற்றுகிறோம்.

இருக்கட்டும். வெறும் பெயரே போதும் என்று வாதிடும் நீங்கள், கடிதத்தில் எங்கும் உங்கள் பெயரை எழுதவில்லை. 'உண்மைத் தமிழன்' என்ற பட்டத்தைத் தங்களுக்கு வழங்கியவர் யார் என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவித்தால், நன்றியுடன் வெளியிடுவோம்.