அக்காவின் பெட்டியில் ஒரு ஜப்பானிய ராக் குழு: பழைய தட்டுகளைப் பேணுவதும் வரிசைப்படுத்துவதும்

வாசகர் கேள்வி: ஜப்பானில் சில ஆண்டுகள் பணியாற்றிய என் அக்கா, அங்கே வாங்கிச் சேர்த்த மாலிஸ் மிசேர் என்னும் விஷுவல் கெய் (ஒப்பனையும் ஆடம்பர உடையும் இசையோடு சேர்ந்த ஜப்பானிய ராக் பாணி) குழுவின் பொருள்களை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நான்கு சிடிகள், அளவில் சிறிய ஒரு சிடி, ஒரு டிவிடி, ஒரு வீடியோ கேசட் ஆகியவை பெட்டியில் உள்ளன. கேசட்டைப் பழைய பிளேயரில் போடலாமா? எந்த வரிசையில் கேட்க வேண்டும்? விடுபட்டவற்றை வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? குழு மீண்டும் சேர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வது உண்மையா?

பதில்: முதலில் கேசட்டைக் கவனியுங்கள். சிடிகள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். காந்த நாடா அப்படிக் காத்திருக்காது. கேசட்டின் சிறு கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெண்மையான பொடியோ திட்டுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த நிலையில் பிளேயரில் போட்டால் நாடா கெடுவதோடு, நாடாவைப் படிக்கும் பிளேயரின் ஹெட்டும் அழுக்கேறி, அடுத்துப் போடும் கேசட்டும் பாழாகும். பூஞ்சை இல்லையென்றால், பார்ப்பதற்கு முன் ஒரு முறை முழுவதுமாக முன்னோக்கி ஓட்டி, பிறகு பின்னோக்கிச் சுற்றுங்கள். பல்லாண்டு அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானில் பதிவான கேசட் என்.டி.எஸ்.சி. என்னும் தொலைக்காட்சிப் பட முறையைச் சேர்ந்தது, இந்தியாவில் புழங்கியது பி.ஏ.எல். முறை. முன்னதில் ஒரு படச்சட்டத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். பின்னதில் 625 கோடுகள், 25 சட்டங்கள். பி.ஏ.எல். மட்டுமே அறிந்த பிளேயரில் படம் கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டபடியோ தெரியும். உடனே கேசட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கல்யாணக் கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் ஸ்டுடியோவிடம் கொடுப்பதானால், இது ஜப்பானியக் கேசட் என்பதை முதலிலேயே சொல்லி, நொடிக்கு 29.97 சட்டம் என்ற அளவிலேயே பதிவெடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான 25 சட்டத்துக்கு மாற்றித் தந்தால் அசைவுகள் திக்கித் திக்கித் தெரியும். மேடையில் நடன அசைவும் ஊமை நாடகமும் பாட்டுக்கு நிகரான இடத்தைப் பெற்ற ஒரு குழுவுக்கு அது பெரிய இழப்பு.

டிவிடியைப் பொறுத்தவரை, ஒரு மண்டலத்துக்கான தட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டப்பட்டிருக்கும்; ஜப்பான் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பொதுவாக ஐந்து முறைதான், அதன்பின் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே அது பூட்டிக்கொள்ளும். எனவே பழைய டிரைவ் ஒன்றை இதற்கென ஒதுக்கிவிடுவது நல்லது. சிடிகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

சிறிய சிடி 8 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. 1990-களில் ஜப்பானில் தனிப்பாடல்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான், நீளவாட்டு அட்டை உறையில் வெளிவந்தன. இதை வாய்போன்ற பிளவில் நுழைக்கும் கார் பிளேயரில் போட்டுவிடாதீர்கள்; உள்ளே சிக்கிக்கொள்ளும். சிடியை வைக்கும் தாங்கி வெளியே நீளும் பிளேயரில், தாங்கியின் நடுவே சிறு வட்டப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் இதற்காகவே அமைந்தது. அட்டை உறையைப் பாதியாக மடித்து வைக்கும் பழக்கம் அக்காலத்தில் உண்டு. மடிக்காத உறை உங்களிடம் இருந்தால், தயவுசெய்து அப்படியே வைத்திருங்கள்.

பாடல்களைக் கணினியில் ஏற்றும்போது தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள். தலைப்புகளை ஜப்பானிய எழுத்திலேயே, யூனிகோடில் பதியுங்கள். பழைய ஷிஃப்ட்-ஜிஸ் குறியீட்டில் பதிந்தால், வேறு கணினியில் திறந்தவுடன் தலைப்புகள் எல்லாம் புரியாத கிறுக்கலாகிவிடும். சிடியோடு வரும் சிறுநூலின் பக்கங்கள் ஈரத்தால் ஒட்டியிருந்தால் பிரித்தெடுக்க முயலாதீர்கள், மை உரிந்துவிடும்.

அடுத்து, கேட்கும் வரிசை. என் கருத்தில், கலைந்துபோன ஒரு குழுவை நினைவில் வைத்துக்கொள்வது என்றால் அதன் காலங்களைக் கலக்காமல் வைத்துக்கொள்வதுதான். மாலிஸ் மிசேர் விஷயத்தில் இது மேலும் முக்கியம், ஏனெனில் ஒரே பெயரின்கீழ் மூன்று பாடகர்களும் மூன்று வேறு உலகங்களும் இருந்தன. 1992-இல் கிதார் கலைஞர்களான மனாவும் கோஜியும் குழுவைத் தொடங்கினார்கள். பேஸ் கிதாரில் யூகி, டிரம்ஸில் காமி. முதல் பாடகர் டெட்சுவின் குரலில் 1994 ஜூலை 24 அன்று "மெம்வார்" தொகுப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பாடல் கூடுதலாகச் சேர்ந்த மறுபதிப்பு வெளியாயிற்று. இனிமேல் வாங்குவதானால் மறுபதிப்பையே தேடுங்கள். டெட்சு விலகியபின் 1995-இல் காக்ட் பாடகராக வந்தார். 1996 ஜூன் 9 அன்று "வோயாஜ் சான் ரெதூர்", அதாவது திரும்புதல் இல்லாத பயணம், வெளியாயிற்று. 1997-இல் நிப்பான் கொலம்பியா என்னும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்து, 1998 மார்ச் 18 அன்று "மெர்வெய்" தொகுப்பை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் யோக்கோஹாமா அரீனாவில் பாடினார்கள்.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் பரோக் (பழைய ஐரோப்பியச் செவ்விசை) பாணி இழைகள் எங்கிருந்து வந்தன என்பதை "மெம்வார்" கேட்காமல் புரிந்துகொள்ள முடியாது. "மெர்வெய்"யில் மெருகு ஏறியதெல்லாம் அதில் கரடுமுரடாகக் கிடக்கிறது.

1999 ஜனவரியில் காக்ட் விலகினார். அதே ஆண்டு ஜூன் 21 அன்று காமி மூளையில் இரத்தக் கசிவால், 26 வயதில் இறந்தார். மற்ற மூவரும் அவருடைய இடத்துக்கு வேறு எவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. துணைக்கு வாசிப்பவர்களை மட்டும் அழைத்துக்கொண்டார்கள். 2000 பிப்ரவரி 1, காமி உயிரோடிருந்திருந்தால் 27 வயதை எட்டியிருக்கும் நாள். அன்று அவர் விட்டுச்சென்ற இசையைக் கொண்டு "ஷின்வா" என்ற பெட்டித் தொகுப்பை வெளியிட்டார்கள். உங்கள் பெட்டியில் இது இருந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். இது குழுவே கட்டிய நினைவுமண்டபம்.

பிறகு மூன்றாம் பாடகர் கிளாஹாவின் குரலில் 2000 ஆகஸ்ட் 23 அன்று "பாரா நோ செய்தோ", அதாவது ரோஜாக்களின் பேராலயம், வந்தது. முன்பிருந்த வண்ணங்கள் அடங்கி, பைப் ஆர்கனும் பாடற்குழுவின் கோரஸும் நிறைந்த இருண்ட இசை. அம்மாத இறுதியில் டோக்கியோவின் நிப்பான் புதோக்கான் அரங்கில் இதை மேடையேற்றினார்கள். காக்டின் ரசிகர்கள் சிலர் இதைக் குழுவின் தொகுப்பாகவே ஏற்பதில்லை. எனக்கோ, துக்கத்தில் இருந்தவர்கள் துக்கத்தை மறைக்காமல் செய்த தொகுப்பாக, நான்கிலும் ஆழமானதாக இதுவே தோன்றுகிறது. 2001 டிசம்பர் 11 அன்று குழு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே கேளுங்கள். ஒரு தொகுப்புக்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.

வாங்குவதைப் பற்றி. பழைய தட்டுகளுக்கு ஜப்பானில் புக் ஆஃப், டிஸ்க் யூனியன், மந்தாரக்கே ஆகியவற்றிலும், விஷுவல் கெய் பொருள்களுக்கென்றே பெயர்பெற்ற குளோசெட் சைல்டிலும் தேடலாம். விவரத்தில் "ஒபி-ட்சுகி" என்றிருந்தால், சிடி உறையின் முதுகைச் சுற்றிவரும் காகிதப் பட்டை இருக்கிறது என்று பொருள்; "ஒபி-நஷி" என்றால் இல்லை. கேட்பதற்கு மட்டும் வாங்குபவர் பட்டையில்லாததை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து சில வேளை தட்டின் விலையையே தாண்டிவிடும். ஆதலால் ஒவ்வொன்றாக வரவழைக்காமல், சேர்த்து ஒரே பொதியாக வாங்குங்கள்.

போலியை அறிய நான் முதலில் பார்ப்பது விலை. ஜப்பானியச் சிடிகளில் விற்பனை விலையும் வெளியீட்டுத் தேதியும் பட்டையிலோ பின்னட்டையிலோ அச்சிடப்பட்டிருக்கும். அங்கு விற்பனை வரி 1997 மார்ச் வரை 3 விழுக்காடு. ஏப்ரலிலிருந்து 5 ஆயிற்று. வரி நீங்கலாக 2,913 யென் விலையுள்ள தட்டு அதற்குமுன் 3,000 யென்னுக்கு விற்றது. அதன்பின் 3,059 ஆயிற்று. தேதிக்கும் விலைக்கும் பொருந்தாத வரிக்கணக்கைக் கண்டால் சந்தேகப்படுங்கள். தட்டின் அடிப்புறம் உள்வளையத்தில் பொறித்த எண்ணும், மேல்புறம் அச்சிட்ட எண்ணும், உறை முதுகில் உள்ள எண்ணும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்க வேண்டும். சிறுநூலில் ஜப்பானிய எழுத்துகளின் நுண்கோடுகள் குழம்பியிருந்தால் அது படியெடுத்து அச்சிட்டது. வலைத்தளங்களில் தேடும்போது ஜப்பானியர் குழுவின் பெயரைக் கத்தகானா என்னும் தங்கள் எழுத்துமுறையில் "மரிசு மிசெரு" என்ற ஒலிப்பில் எழுதுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படித் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும். நீங்கள் கணினியில் ஏற்றிய கோப்புகளை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்; பொதுவெளியில் பதிவேற்றுவது உரிமைமீறல்.

மீண்டும் சேர்ந்ததாகச் சொல்வது பாதி உண்மை. 25-ஆம் ஆண்டை முன்னிட்டு 2018 செப்டம்பர் 8, 9 ஆகிய நாள்களில் டோக்கியோவின் டொயோசு பிட் அரங்கில் மனா, கோஜி, யூகி மூவரும் பழைய பாடல்களை வாசித்தார்கள். குரல் கொடுத்தவர்கள் விருந்தினர்கள். காக்டும் கிளாஹாவும் அதில் பங்கேற்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் பதிவு உங்களுக்குக் கிடைத்தால், 2001 வரையிலான தட்டுகளோடு சேர்க்காமல், "2018, டொயோசு" என்று தனி உறையில் எழுதி வையுங்கள்.