கடைசி பெஞ்ச் பாட்டும் கவுந்த ஆட்சியும்

கேள்வி: யூரோவிஷன் பாட்டுப் போட்டியில கடைசி இடம் வாங்கின ஒரு பாட்டு, அதே மாசம் அந்த நாட்டு ஆட்சியையே கவுத்துடுச்சுன்னு என் மச்சான் அடிச்சுச் சொல்றான். வாட்ஸ்அப் கதைன்னு நான் பெட் கட்டிட்டேன். தீர்ப்பு சொல்லுங்க.
- ஈரோடு வாசகர்

பதில்: பெட்டுக் காசுல முக்காவாசியை எடுத்து வைங்க சார். பாட்டு ஆட்சியைக் கவுக்கல, கவுத்தது ராணுவம். ஆனா 'ரெடியாகுங்க'ன்னு அவங்களுக்கு மணி அடிச்சது சத்தியமா அந்தப் பாட்டுதான்.

யூரோவிஷன்ங்கிறது பெரும்பாலும் ஐரோப்பிய நாடுங்க ஆளுக்கொரு பாட்டை அனுப்பி வருஷா வருஷம் மோதுற போட்டி. நம்ம கதையில நாடு போர்ச்சுகல், வருஷம் 1974. ஏப்ரல் 6-ந் தேதி இங்கிலாந்துல பிரைட்டன்ங்கிற கடற்கரை ஊர்ல போட்டி, மொத்தம் 17 நாடு. போர்ச்சுகல் சார்பா பாடினவர் பவுலோ டி கர்வால்யோ. பாட்டோட பேரை தமிழ்ல சொல்லணும்னா 'விடைபெற்ற பிறகு'. காதலி போயிட்டா, நான் இப்போ யாருன்னே எனக்குத் தெரியலன்னு ஒருத்தன் உருகுறான், அவ்ளோதான். அரசியல் வாசனையே கிடையாது. அந்த வருஷம் ஒவ்வொரு நாட்டுக்கும் 10 பேர் ஜூரி, ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு. போர்ச்சுகலுக்கு விழுந்தது வெறும் 3. ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்துக்கும் அதே 3, நாலு பேரும் ஒரே கடைசி பெஞ்ச்ல. 24 வாங்கி ஜெயிச்சது ஸ்வீடன்ல இருந்து வந்த ஆபா குழு, வாட்டர்லூ பாட்டு, அதுக்கப்புறம் அவங்க எங்க போனாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ ஊருக்குத் திரும்புவோம். போர்ச்சுகல்ல 1926-ல ஆரம்பிச்ச சர்வாதிகாரம், 48 வருஷமா நடந்துட்டிருக்கு. ரொம்ப காலம் சலாசார், அவருக்கப்புறம் மார்சேலோ கைத்தானோ. பேப்பர், புத்தகம், பாட்டு எல்லாத்துக்கும் சென்சார், தெருவுக்குத் தெரு ரகசிய போலீஸோட காது. இன்னொரு பக்கம் அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ்னு ஆப்பிரிக்காவுல இருந்த காலனிகளை விட மாட்டேன்னு 1961-ல இருந்து சண்டை, முடியுற மாதிரியும் தெரியல, ஜெயிக்கிற மாதிரியும் தெரியல, அங்க போய்ப் போய் வெறுத்துப்போன நடுத்தர ராணுவ அதிகாரிங்க, முக்கியமா கேப்டன்கள், போதும்டா சாமின்னு ரகசியமா கூடிப் பேச ஆரம்பிச்சாங்க.

பிளான் ரெடி. ஆனா வெவ்வேற ஊர் பாசறையில இருக்கிறவங்க ஒரே நேரத்துல கிளம்பணுமே, எப்படித் தகவல் சொல்றது? போன்ல பேசினா ஒட்டுக்கேட்டுடுவான். அதனால ரேடியோ. ஏப்ரல் 24 ராத்திரி 10:55-க்கு லிஸ்பன் ரேடியோ ஒண்ணுல நம்ம 'விடைபெற்ற பிறகு' ஓடுச்சு. வீட்டுல கேட்டவங்களுக்கு அது அந்த வருஷத்துப் போட்டிப் பாட்டு, தெனம் போடுறதுதானே. கேப்டன்களுக்கு மட்டும் அது 'பூட்ஸை மாட்டு'. அந்த ஸ்டேஷன் லிஸ்பன் பக்கம்தான் எடுக்கும்ங்கிறதால, நாடு முழுக்க கேக்குற இன்னொரு ரேடியோவுல நடுராத்திரி தாண்டி 12:20-க்கு ரெண்டாவது பாட்டு போட்டாங்க. அது ஜோஸே அஃபோன்ஸோ பாடின 'கிராந்தோலா', அரசாங்கத்துக்கு ஆகாத பாடகர். அதுதான் கிளம்புங்கிற சிக்னல். முதல் சிக்னலுக்கு யாரும் முறைச்சுப் பாக்காத ஒரு சோகப் பாட்டை எடுத்தாங்க பாருங்க, அந்த மூளைக்குத்தான் என்னோட சல்யூட்.

விடியறதுக்குள்ள லிஸ்பன்ல கவச வண்டிங்க வந்தாச்சு. வீட்டுக்குள்ளயே இருங்கன்னு ரேடியோவுல சொல்லிட்டே இருந்தாங்க, ஜனங்க யாரும் கேக்கல, தெருவுக்கு வந்து துப்பாக்கி முனையில சிவப்பு கார்னேஷன் பூவைச் செருகினாங்க, அந்தப் பேர்தான் புரட்சிக்கே நின்னுடுச்சு. சாயங்காலம் கைத்தானோ சரண்டர். ரத்தமே சிந்தலன்னு சில பேர் எழுதுவாங்க, அது தப்பு, ரகசிய போலீஸ் சுட்டதுல அன்னைக்கு 4 பேர் செத்தாங்க.

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 1961-ல இந்தியா கோவாவை எடுத்துக்கிட்டதை லிஸ்பன் 13 வருஷமா ஒத்துக்கவே இல்ல. புரட்சிக்கு அப்புறம் வந்த அரசாங்கம்தான் 1974 டிசம்பர்ல கையெழுத்துப் போட்டுச்சு.

கேள்வி: யூரோவிஷன்ல அரசியல் பாட்டு பாடக்கூடாதுன்னு ரூல் இருக்காமே, யாராவது மதிக்கிறாங்களா?
- மதுரை வாசகி

பதில்: ரூல் இருக்கும்மா, மாட்டுறவங்க மாட்டுறாங்க, தப்பிக்கிறவங்க தப்பிக்கிறாங்க. 2009-ல போட்டி மாஸ்கோவுல. முந்தின வருஷம்தான் ரஷ்யாகூட சண்டை போட்டிருந்த ஜார்ஜியா, புதின் பேரை இங்கிலீஷ்ல வார்த்தை விளையாட்டா மடக்கி ஒரு பாட்டு அனுப்புச்சு. வரியை மாத்துன்னாங்க, மாட்டேன்னுட்டு போட்டியை விட்டே வெளிய போயிடுச்சு. 2016-ல உக்ரைன் ஜமாலா பாடினது ஸ்டாலின் காலத்துல கிரிமியத் தாத்தார் மக்களை ஊரை விட்டே துரத்தினதைப் பத்தி, பாட்டுப் பேரே '1944'. அது சரித்திரம், அரசியல் இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க, 534 பாயின்ட் வாங்கி ஜெயிச்சும் போச்சு. கிரிமியாவை ரஷ்யா எடுத்து ரெண்டே வருஷம் ஆன நேரம்! இதுல அரசியல் இல்லன்னு சொன்னவங்களுக்குத் தனியா ஒரு கப் குடுக்கலாம்.

காமெடின்னா அதே 1974 இத்தாலிதான். அவங்க பாட்டோட பேர் 'சி', அதாவது 'ஆமா'. அந்த மே மாசம் விவாகரத்துச் சட்டத்தைப் பத்தி நாட்டுல ஆமா-இல்ல ஓட்டெடுப்பு. பாட்டுல 'ஆமா ஆமா'ன்னு வந்தா ஜனங்க அதே பக்கம் குத்திடுவாங்கன்னு பயந்து, போட்டியை இத்தாலி டிவி லைவ்வா காட்டவே இல்ல. பாட்டு என்னமோ ரெண்டாவது இடம் வாங்குச்சு.

கேள்வி: அப்புறம் போர்ச்சுகல் எப்பவாவது ஜெயிச்சதா?
- காரைக்குடி வாசகர்

பதில்: 1964-ல முதல் தடவை போனாங்க, ஜெயிச்சது 2017-ல. சால்வடோர் சோப்ரால்னு ஒரு பையன், தங்கச்சியா அக்காவான்னு அடிச்சுக்காதீங்க, அக்கா லூயிசா எழுதின பாட்டை டான்ஸ் இல்லாம, பட்டாசு இல்லாம, போர்ச்சுகீஸ் மொழியிலேயே மெதுவா பாடினார். 758 பாயின்ட், ஜூரியிலயும் ஃபர்ஸ்ட், ஜனங்க ஓட்டுலயும் ஃபர்ஸ்ட். அப்போ அவருக்கு இதயத்துல கோளாறு, ரிகர்சலுக்கு அவரால வர முடியாத நாள்ல அக்காதான் மேடையில நின்னு பாடினாங்க. அந்த டிசம்பர்லயே அவருக்கு மாற்று இதயம் வெச்சாங்க.

ஜெயிச்ச நாடுதான் அடுத்த வருஷம் நடத்தணும்ங்கிறதால 2018 போட்டி லிஸ்பன்ல நடந்துச்சு. வீட்டுக்காரங்க மறுபடியும் கடைசி. இந்த வாட்டி ஆட்சி எதுவும் கவுரல.