கூன் நிமிர்த்தும் சத்திரசிகிச்சை: வாசகர் கேள்வி-பதில்

அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் எனும் வாதத்தால் முதுகு இறுகிக் கூனிப்போனவர்களின் வீட்டார் அனுப்பியவை இவை.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): தம்பிக்கு நாரியில் என்பை வெட்டி நிமிர்த்தப் போகிறார்கள். கால் வழங்காமல் போய்விடுமா?

பதில்: நியாயமான பயம். பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாரி முள்ளென்பில் பின்புறமாக ஆப்பு வடிவில் என்பை எடுத்து, அந்த இடைவெளியை மூடி, ஆணியும் கம்பியும் போட்டு இறுக்குவார்கள். ஒரே வெட்டில் ஏறத்தாழ 30 பாகை நிமிரும். முண்ணாண் அநேகமாக அதற்கு மேலேயே முடிந்துவிடும். கீழே இருப்பது நரம்புக் கற்றை, அது ஓரளவு அசைவைத் தாங்கும். கூன் மேலே இருந்தாலும் வெட்டு கீழே விழுவது அதனால்தான். ஆனாலும் இடைவெளியை மூடும்போது என்பு விளிம்பு நரம்பை நெரிக்கலாம். இந்த நோயில் நரம்புறை என்போடு ஒட்டிக் கிடப்பதால் கிழிந்து நீர் கசிவதும் உண்டு. என்பு தேய்ந்தவருக்கு ஆணி பிடிக்காமல் கழன்றும் வரலாம்.

வார்டுக்கு வந்தபின் பாதம் தொங்கினாலோ, தொடை இடுக்கு விறைத்தாலோ, சலம் போகாவிட்டாலோ விடியும்வரை பொறுக்க வேண்டாம். உடனே தாதியிடம் சொல்லுங்கள். உள்ளே குருதி கட்டியிருந்தால் சில மணித்தியாலத்துக்குள் மீண்டும் திறக்க வேண்டும்.

கேள்வி (அக்கரைப்பற்று): வாப்பா ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் பச்சையாகச் சத்தி எடுத்தார். மருந்துச் சூடா?

பதில்: அப்படி விட்டுவிடக் கூடாத அறிகுறி இது. கூனியிருந்த உடம்பு ஒரே நாளில் நீளும்போது வயிற்றுக் குருதிக்குழாய் இழுபட்டு முன்சிறுகுடலை நெரிக்கலாம். மெலிந்தவர்களுக்குத்தான் கூடுதல். வாயால் கொடுப்பதை நிறுத்தி, மூக்குக் குழாய் போட்டு, சேலைன் ஏற்றி, இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் அடங்கும். கொத்தமல்லித் தண்ணியும் கஞ்சியும் பருக்கிச் சமாளிக்கப் பார்த்தால் சத்தி புரையேறி நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி (காத்தான்குடி): இரண்டு கிழமைக்கு ஒருமுறை அடலிமுமாப் (நோயெதிர்ப்பை அடக்கும் வாத மருந்து) ஊசி போடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

பதில்: கிருமித்தொற்றைக் குறைக்க, அடுத்த ஊசியைப் போடாமல் விட்டு, அது போடவேண்டிய நாளுக்குப் பிந்திய கிழமையில் சத்திரசிகிச்சையை வைப்பது வழமை. காயம் ஆறித் தையல் எடுத்தபின் மீளத் தொடங்குவார்கள். திகதியை வாதநோய் வைத்தியர் தீர்மானிக்கட்டும். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். புகையால் வெட்டிய என்பு பொருந்தாவிட்டால் மாதங்கள் கழித்துக் கம்பி முறியலாம்.

கேள்வி (சம்மாந்துறை): நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டுகிறது. கழுத்தை முழுதாக நிமிர்த்தலாமா?

பதில்: முழுதாக வேண்டாம். இறுகிய கழுத்து நிமிர்ந்தபடியே நின்றுவிட்டால் சோற்றுக் கோப்பையும் தெரியாது, வயல் வரம்பில் கால் வைக்கும் இடமும் தெரியாது. பார்வை 10 முதல் 20 பாகை தாழ்ந்திருப்பதே வசதி. பின்பு சின்னிவிரல் விறைத்துப் பிடி தளர்ந்தால் எட்டாம் கழுத்து நரம்பு இழுபட்டிருக்கலாம். பலருக்கு மெல்ல மெல்லத் தேறும்.

கேள்வி (திருக்கோவில்): அண்ணன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், நோ குறையவில்லை.

பதில்: சீட்டி ஸ்கேன் எடுக்கும்வரை முறிவு என்றே வையுங்கள். இறுகிய முள்ளந்தண்டு சிறு விழுகையிலும் மூங்கில்போல் முறியும், எக்ஸ்ரேயில் தப்பிவிடும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். கழுத்து வழமையாக எவ்வளவு வளைந்திருக்குமோ அப்படியே தலையணை வைத்துத் தாங்குங்கள். மட்டமாகப் படுக்கவைத்து நிமிர்த்த யாரையும் விடாதீர்கள்.